ஈரவாலின் பந்தயம்

"ஏட்டி, திரும்பவும் முந்திட்டான் பாத்தியா" என்றான் கோமதிசங்கர், அடுக்களைத் தரையில் உட்கார்ந்தபடி.

வாழைக்காயை மாவில் தோய்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி யோகலட்சுமி, "யாரு, அந்த ஈரவாலா?" என்று கேட்டாள்.

அவனேதான். மொட்டை மாடிக்கு மாடி தாவி ஓடும் அந்தச் செல்போன் விளையாட்டில் எதிராளியின் பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும். ஊர், முகம் எதுவும் தெரியாது. பத்து நாளாகக் கோமதியை ஒரு தடவைகூட ஜெயிக்க விடவில்லை. கோமதி தண்ணீர்த் தொட்டியில் முட்டி விழும்போது, ஈரவால் துணிக்கொடியில் தொங்கி, மதிலில் கால் வைத்து, நாலு மாடி தள்ளிப் போயிருப்பான். போதாததற்கு எழுதியும் அனுப்புவான். 'தொட்டியில தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வாலே.'

"முகம் தெரியாதவன் என்னைய 'லே'ங்கான்."

யோகலட்சுமி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவின் அறைக்குள்ளிருந்து அடக்கிய விம்மல் கேட்டது. அவன் வேலை விட்டு வந்து உட்காரும் நேரம் பார்த்து, தினமும் இந்த விம்மல். கோமதி குரலைத் தாழ்த்தினான். அப்பா போய்ப் பதினான்கு மாதம். வருஷ திதி முடிந்தும் அம்மா வாசல்படி தாண்டவில்லை. சீசன் என்றால் அப்பாவையும் இழுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு முதல் ஆளாய்க் கிளம்புகிறவள். இப்போது சாரல் தென்காசித் தெரு வரைக்கும் வந்துவிட்டது. அவனும் கதவருகே நின்று கூப்பிட்டுப் பார்க்கிறான். தலைவலி என்றுதான் பதில் வருகிறது.

"இந்த சீசனும் இப்படியே போயிருமோன்னு பயமா இருக்குட்டி."

செல்போன் அதிர்ந்தது. ஈரவால் பந்தயம் கட்டியிருந்தான். கோமதி ஜெயித்தால், தன் பெயரைத் தோத்தாங்கோளி என்று மாற்றிக்கொள்வானாம். தோற்றால், கோமதி அவனை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், குளித்த கையோடு புரோட்டா வாங்கித் தர வேண்டுமாம்.

"பக்கத்து ஊர்க்காரன்தான் போலிருக்கு. வரட்டும்."

ஓட்டம் தொடங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே கோமதி இடமும் வலமும் சாய்ந்தான். தாவும்போது இரண்டு விரற்கடை எழும்பவும் செய்தான். மாவுச் சட்டி கவிழ்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஈரவாலை முந்தினான். இன்னும் ஒரே ஒரு மாடி.

தொட்டி.

அறைக்குள் விம்மல் வெடித்தது. செல்போனைப் போட்டுவிட்டு, "அம்மா" என்று பதறி ஓடினான். அவன் தட்டுவதற்குள் கதவு திறந்தது.

தோளில் துண்டு, ஒரு கையில் எண்ணெய்ப் புட்டி, மறு கையில் அப்பாவின் பழைய செல்போன். சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடுலே, புரோட்டாக் கடையில கூட்டம் சேந்திரும்" என்றாள் அம்மா.