குளிர் தாங்காதவை

நவம்பர் முடியப்போகிறது, காப்பெல் நகரில் இன்னும் குளிர் இறங்கவில்லை. மேப்பிள் மரம் சிவந்து நிற்க, அதன் கீழே மல்லிகை பருவம் தப்பிப் பூத்துக்கொண்டிருந்தது. அதனால் ராஜராணி இந்த வருடம் பூச்சாடிகளைக் கராஜுக்குள் எடுக்கவில்லை. இழுத்துப்போக அவளுக்குத் தெம்பும் ஏது? வருடா வருடம் அதைச் செய்த புருஷன் அரியரட்ணம் போன மாசியில் போய்ச்சேர்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது கறிவேப்பிலைச் சாடி கராஜுக்குள் இருந்தது. பழைய போர்வை சுற்றி, கயிறு போட்டு இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது.

"தம்பி, நீயே உள்ளுக்கு வைச்சனி?" என்று மகன் மயூரனைக் கேட்டாள்.

"இல்லையம்மா. இந்த வெதருக்கு ஏன் எடுக்கோணும்? அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும்."

"கொப்பர் தனியத்தானே தூக்குறவர்" என்றாள், அவன் அப்பாவை நினைத்து.

மறுநாள் மல்லிகையும் பூவோடு உள்ளே வந்திருந்தது. அதே இரட்டை முடிச்சு. குளிர் தாங்காததை மட்டும்தான் அரியரட்ணம் உள்ளே எடுப்பார். செவ்வந்தியைத் தொடமாட்டார். செவ்வந்தி வெளியிலேயே பூத்து நின்றது.

புதன்கிழமையும் நல்ல வெயில். ராஜராணிக்கு லேசாக இருமல் இருந்தது. கராஜ் கதவைத் திறந்தாள். இரண்டு சாடிகளுக்கும் நடுவில், தோட்டத்தில் அவள் வழக்கமாக உட்காரும் கதிரை இருந்தது. அதன்மேல் ஒரு போர்வை விரித்திருந்தது. பக்கத்தில் கயிறு, அளவாக வெட்டியபடி.