நூறாவது ஆள்

பாஸ்போர்ட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "இந்தா வாறன் தங்கச்சி" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் நின்றே கழிந்த இந்தப் பத்தாண்டில், வரிசையில் விட்ட செருப்பும் ஆள்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். வரிசை நகர நகர அதைக் காலால் முன்னே தள்ளினேன். காவலாளி கடைசி இலக்கத் துண்டைச் செருப்பின் வாருக்குள் செருகினான்.

"நூறு. இண்டைக்கு இவ்வளவுதான்."

"இண்டைக்கு விண்ணப்பம் குடுக்காட்டி எனக்குக் குவைத் வேலை போயிடும் ஐயா" என்றேன்.

அவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

என்னைப் பெரியவரின் மகள் என்று நினைத்த தேநீர்க்கடைக்காரி ஓடிவந்து காதோடு சொன்னாள்: "பிள்ளை, உங்கட அப்பாவுக்கு இருந்த இடத்திலேயே உசிர் போயிட்டுது."

செருப்பு என் காலைவிடப் பெரியது. மெதுவாக என்னுடையதைக் கழற்றிவிட்டு, இலக்கத் துண்டோடு கிடந்த அதற்குள் காலை நுழைத்தேன்.