நாலாம் நம்பர் வாசல்

"நாலாம் நம்பர் வாசல்லேர்ந்து மட்டும் எப்படிங்க ஒரு புகார்கூட வரல?"

பூங்கா மேனேஜர் இப்படிக் கேட்டபோது இன்ஜினியருக்கே பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் மூக்கு உடைந்துவிடும் என்பதால், "நேர்ல பார்த்துட்டு வந்து சொல்றேன் சார்" என்று நழுவி வெளியே வந்தார்.

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் காகித டிக்கெட்டுக்குப் பதிலாகக் கைப்பட்டை வந்து சரியாக ஒரு மாதம். பட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உள்ள ஸ்கேனர் மேல் மணிக்கட்டை வைத்தால், தடுப்புக் கதவு தானாகத் திறக்கும். அந்த ஸ்கேனரை இன்ஜினியர் இரண்டு வருடம் ராப்பகல் பாராமல் உழைத்து உருவாக்கியிருந்தார். இன்று மாலை நான்கு மணிக்கு, அது இருக்கட்டுமா போகட்டுமா என்று மேனேஜர் முடிவு செய்யப்போகிறார். போகட்டும் என்றால், இன்ஜினியரின் கம்பெனி அவரையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டிவிடும்.

தண்ணீர் விளையாட்டுப் பகுதிக்கு ஆறு வாசல்கள். அவற்றில் ஐந்தில் ஸ்கேனர் அவருடைய மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. கை ஈரமாக இருந்தால் படிக்காது. கிரீம் தடவியிருந்தால் படிக்காது. அப்போதெல்லாம் பட்டை மேல் அச்சடித்திருக்கும் எட்டு எண்களை ஊழியர் கணினியில் தட்டிக் கதவைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தட்டுவதற்குள் வரிசை நீண்டு, பின்னால் இருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

நாலாம் நம்பர் வாசலில் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே வாசல் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். பூங்காவில் எல்லோருக்கும் அவர் 'நாலாம் நம்பர் அக்கா'.

இன்ஜினியர் கூண்டுக்குள் நுழையப் பார்த்தார். உள்ளே இரண்டு பேருக்கு இடம் இல்லை, ஜனங்கள் நிற்கிற பக்கமாக நின்று பாருங்கள் என்று அக்கா பணிவாகச் சொல்லிவிட்டார். அவரும் வெளியிலேயே நின்றார்.

சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெரியவர் கையை நீட்டினார். அக்கா வலது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, லேசாகச் சாய்த்து, குனிந்து ஒரு பார்வை பார்த்து, ஸ்கேனர் மேல் வைத்தார். கதவு திறந்தது. அடுத்து முழங்கைவரை கிரீம் அப்பிய ஒரு பெண். அதே பிடி, அதே சாய்ப்பு, அதே பார்வை. கதவு திறந்தது. இடையிடையே, தரை வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றும், குழந்தையின் கையை விட்டுவிடாதீர்கள் என்றும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு வாண்டு வந்தாள். கைப்பட்டையைக் கொலுசு மாதிரிக் காலில் கட்டியிருந்தாள். சரி, இங்கே மாட்டிக்கொண்டோம் என்று இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அசரவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாண்டின் காலைத் தூக்கி மேசை மேல் வைத்து, குனிந்து பார்த்தார். இன்ஜினியர் கண்ணைத் திறந்தபோது வாண்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தன் மெஷினின் அருமை தெரிந்து அதைக் கையாளும் ஒரே ஆள் இந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அக்கா குனிவதால் ஸ்கேனர் மேல் நிழல் விழுகிறது, வெயில் படுவதில்லை, அதனால்தான் நன்றாகப் படிக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. பிடி, சாய்ப்பு, நிழல் எல்லாவற்றையும் படம் வரைந்து குறித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார்.

மேனேஜர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தானே வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கணக்கெடுத்தார். நூறு பேர் வந்தார்கள். நூறு பேரும் நிற்காமல் உள்ளே போனார்கள்.

"மெஷின்ல குறை இல்லைங்க. நம்ம ஆளுங்களுக்குத்தான் வைக்கத் தெரியல" என்று சொல்லி, எல்லா வாசல்களிலும் அக்கா மாதிரியே செய்ய வேண்டும் என்று உத்தரவும் போட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

பூங்கா மூடும் நேரத்தில் இன்ஜினியர் மறுபடியும் நாலாம் நம்பர் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, என் வயித்துல பாலை வார்த்தீங்க. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன்."

அக்கா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர் கையெழுத்துப் போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு அக்கா."

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு மேசைக்கு அடியில் கைவிட்டு, ஒரு வயரின் முனையை எடுத்து அவர் கையில் வைத்தார். அதன் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"மெஷினை வச்ச அன்னைக்கே இதைச் சொருக மறந்துட்டீங்க சார். நான் கவனிக்கிறதுக்குள்ள, நாலாம் நம்பர்தான் பிரமாதமா ஓடுதுன்னு எல்லார் முன்னாடியும் உங்களைப் பாராட்டிட்டாங்க. அப்புறம் சொல்ல மனசு வரல. ஒரு மாசமா லீவுகூடப் போடாம, எட்டு நம்பரையும் பார்த்துப் பார்த்து மேசைக்கு அடியில கீபோர்டை வச்சுக்கிட்டு இடது கையாலதான் தட்டிக்கிட்டிருக்கேன். இப்பவாவது இதை மாட்டி விட்டுட்டுப் போங்க சார், நாளைக்கு ஒரு நாள் நான் வீட்ல படுத்துத் தூங்கணும்."