இரண்டாவது பாட்டு

ஜார்ஜ்டவுனில் ஜாஹிரின் நாசி கண்டார் சோற்றுக்கடை. தயாளனின் வாய் ஓயவே இல்லை. ஓர் இந்திப் படத்தின் பாடல்களைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையை மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியிருந்தான். அதற்கு இன்று 'சிறந்த கட்டுரை' என்ற முத்திரை கிடைத்திருந்தது. மனைவி துளசியை விருந்துக்கு அழைத்து வந்திருந்தான்.

"வரிக்கு வரி ஆதாரம் வேணும்லா! ரெண்டாவது பாட்டு மனச உருக்குதுன்னு எவனோ எழுதி வச்சிருந்தான். பாட்டக் கேக்காமலே அளந்து விட்டிருக்கான். பத்திரிகை விமர்சனத்தப் பாத்து, 'புதுமையான மெட்டு'ன்னு நான்தான் மாத்துனேன்."

துளசி பெருமையாகச் சிரித்தாள். கடையில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தில் அவள் சொன்ன பாராட்டு தயாளனின் காதில் விழவில்லை.

"ஜாஹிர், அந்த ஒப்பாரிய மொதல்ல நிறுத்துலா! மனுசன் பேச வேணாமா?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த ஜாஹிரின் கை அப்படியே நின்றது.

"நீங்க வர்றீங்கன்னுதான் போட்டேண்ணே. உங்க கட்டுரையில உள்ள ரெண்டாவது பாட்டு இதுதான்."

துளசியின் சிரிப்பு மறைந்தது. "ஏங்க, நீங்க ஒரு தடவகூட கேட்டதில்லையா?"

"எல்லாத்துக்கும் ஆதாரம் குடுத்திருக்கேன்" என்றான் தயாளன், தட்டைப் பார்த்தபடி.

ஜாஹிர் போய்ப் பாட்டை நிறுத்தினான். தயாளன் இனி தாராளமாகப் பேசலாம்.