கை தூக்கியவர்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் போட்டிக்கு நாற்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்ட தில்லைநாயகத்துக்கு அன்று கடலில் தகுதித் தேர்வு. இன்னும் இருநூறு மீட்டர்தான் பாக்கி. உடம்பு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டிருந்தது. தலையைத் தூக்கினால், கரையில் மரகதம். ஏழு மாதப் பயிற்சியில் ஒருநாளும் எட்டிப்பார்க்காத மனைவி துண்டை வீசிக்கொண்டிருந்தாள். இவரும் கையை உயர்த்தி ஆட்டினார். உடனே காவல் படகு வந்து அவரை அள்ளிப் போட்டுக்கொண்டது.

“ஐயோ, பொண்டாட்டிக்கு டாட்டா காட்டினேன்ப்பா!”

“கை தூக்குனா காப்பாத்தணும் சார். தூக்குனவரு அவுட்டு. அதான் ரூலு,” என்றார் படகோட்டி சூசை.

“அப்போ அடுத்த வருஷம்தானா?”

“ஆமா சார். அம்மா இன்னும் ஆட்டுறாங்க பாருங்க. இப்ப தாராளமா ஆட்டுங்க.”

தில்லைநாயகம் முயன்றார். கை தோளுக்கு மேல் எழவில்லை. சூசை துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து உயர்த்தினார்.