லொடக் லொடக்

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீராசாமியின் பிக்கப்பை ரெம்பாவ் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான் லியாக்கத்.

“இப்ப ஸ்டியரிங் இழுக்கல அண்ணே. முன் டயரு ஒரு பக்கமா தேஞ்சிருந்துச்சு. மாத்தி, அலைன்மென்ட் பண்ணிட்டேன். ஆனா மேடுபள்ளத்துல லொடக் லொடக்குன்னு அடிக்குது பாருங்க, அது ஸ்டெபிலைசர் லிங்க். அதையும் மாத்திடவா?”

“அது கெடக்கட்டும் தம்பி.”

“கம்பெனி வண்டிதானே லா, உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“வேணாம்பா.”

மனுசனுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டான் லியாக்கத். ஆனாலும் விட மனமில்லை.

“நாளையிலருந்து புது மேனேஜரு இந்த வண்டியிலதான் தோட்டத்தைச் சுத்துவாருன்னு சொன்னீங்க. இந்தச் சத்தத்தைக் கேட்டா உங்கள என்ன நெனப்பாரு?”

வீராசாமி சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“என்னை என்ன வேணா நெனச்சுக்கட்டும். வெயில்ல செம்பனைக் குலை வெட்டுன களைப்புல நம்ம ஆளுங்க மரத்தடியில கொஞ்சம் கண்ணசருவாங்க. அவரு கண்ணுல பட்டா வேலை போயிடும். இந்தச் சத்தம் தூரத்துலயே கேட்டா எந்திரிச்சிருவாங்க. நானே இதுவரைக்கும் அங்க ஒருத்தரும் படுத்துக் கெடந்து பாத்ததில்ல தம்பி.”