பனியில் நின்ற டிராக்டர்

டிராக்டர் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்ட பெண், அதே வேகத்தில் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றாள். தட்சிணாமூர்த்தி டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடினார்.

புதுச்சத்திரம் தாண்டி, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையின் ஓரம். விடிந்துவிட்டதென்று சேவல்தான் சொல்லிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தை மாதப் பனி டிரெய்லரில் இருந்த கரும்பைப் பாதி விழுங்கியிருந்தது.

கிட்டே போன பிறகுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். பொட்டில்லாத நெற்றி, பூவில்லாத தலை, வெளுத்த புடவை. கழுத்தில் சிலுவை கோத்த மஞ்சள் கயிறு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. செல்போன் டார்ச்சை எரியவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடும்மா. நெல்லிக்குப்பம் சக்கர ஆலைல என் டோக்கனக் கூப்ட்ருவாங்க."

"பனி கலையட்டும், தரேன்."

"வண்டிய ஓரமாத்தான வுட்ருக்கேன்? பின்னாடி தோகை கட்டியிருக்கேன், பாக்கலியா நீ?"

கட்டத்தான் கட்டியிருந்தார். கரும்பு நீட்டிக்கொண்டு சிவப்பு விளக்கை மறைத்துவிடும். அதனால் எல்லா ஓட்டுநர்களும் செய்வதுபோல கரும்பின் பச்சைத் தோகையில் ஒரு கத்தை எடுத்துப் பின்னால் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்து விலகிப் போகவேண்டியது வருகிறவன் பாடு.

"இங்கேர்ந்து பாருண்ணே. உன் தோகை உனக்கே தெரிதா?"

தெரியவில்லை. ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. முறை தவறினால் வண்டி வரிசையின் கடைசிக்குப் போய்விடும், கரும்பு காய்ந்து எடை இறங்கும், முதலாளி தன்னைத்தான் வறுத்தெடுப்பார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். நம்பர் இல்லாவிட்டால் தானே தருவதாகச் சொன்னாள் அவள். பிடுங்கிக்கொள்ளலாமென்றால் சாவி இருக்கிற இடத்தில் கைவைக்க முடியாது. அது தெரிந்துதான் அங்கே செருகியிருந்தாள்.

டீக்கடையிலிருந்து ஆண்டி குரல் கொடுத்தான். "மாமா, அதுகிட்ட வாய் குடுக்காத. ஜெயராணி எஸ்.ஐ. சொல்லியே கேக்காத ஆளு."

அவன் அந்தக் கடையை எடுத்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. கேள்விப்பட்டதைச் சொன்னான். போன வருடம் இதே இடத்தில் ஒரு ஓட்டுநர் கரும்பு வண்டியைப் பனியில் நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறான். பின்னால் வந்த கார் நேராக உள்ளே புகுந்து, அதிலிருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பனி விழுந்தால் ஜெயராணி இங்கே வந்துவிடுகிறாளாம்.

தட்சிணாமூர்த்தி அவளுடைய வெறும் நெற்றியை மறுபடி பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. அதற்காக டோக்கனை விட்டுக்கொடுக்க முடியுமா? இன்னொரு தரம் கேட்க வாயெடுத்தார்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் வந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். அவள் சத்தத்தை நோக்கி முன்னால் ஓடினாள், டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே.

டயர் தேய்கிற சத்தம் காதைக் கிழித்தது. ஈரச் சாலையில் ஒரு வேனின் பின்பக்கம் ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போய் நின்றது. நீட்டியிருந்த கரும்பின் நுனி அதன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குல்லா போட்ட ஒரு குழந்தை, தூக்கம் கலைந்து அழ ஆரம்பித்தது.

வேன்காரன் தலையை வெளியே நீட்டி ஜெயராணியைத்தான் திட்டினான். சாவதற்கு வேறு ரோடு கிடைக்கவில்லையா என்று கேட்டான். "திட்னது போதும், மெதுவா போ" என்று அவனுக்கு வழிகாட்டி அனுப்பிவிட்டு, அவள் திரும்பவும் தன் இடத்தில் வந்து நின்றாள்.

தட்சிணாமூர்த்தி டிரெய்லருக்குப் பின்னால் போய், தன் கையாலேயே தோகையை அவிழ்த்து வாய்க்காலில் வீசினார். ஜெயராணி பையிலிருந்து பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்தாள். அது சிவப்பாக விட்டு விட்டு எரிந்தது. கரும்பின் நுனியில் அவள் அதை வைத்துக் கட்ட, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சாவி அவர் நினைப்பிலேயே இல்லை.

ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் போலிருந்தது அவருக்கு.

"உன் வவுத்தெரிச்சல் எனக்குப் புரியுதும்மா" என்றார். "வண்டிய நிறுத்திட்டுப் போனானே, அவன்லாம் மனுசனா? மூணு உசுர வாங்கிட்டு எங்க குந்திக்கினு இருக்கானோ. அந்தப் பாவிக்கு ஒரு வேளை சோறு போடக்கூட நாதி இருக்கக்கூடாது."

ஜெயராணி முடிச்சை இழுத்து இறுக்கினாள். நிமிர்ந்து, அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"பொண்டாட்டி நான் இருக்கேண்ணே, நாந்தான் போடுறேன்."